டெஸ்மாய்டு கட்டி: புற்றுநோயா இல்லையா என்பதற்கு மருத்துவக் குறியீடு சொல்லும் பதில்

ஒருவருக்கு டெஸ்மாய்டு கட்டி என்று தெரிந்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி "கேன்சரா?" என்பதுதான். "கேன்சர் இல்லை, பயப்படாதீங்க" என்று ஒரு டாக்டர் சொல்வார். ஆனால் அவரே அனுப்பிவைக்கும் இடம் புற்றுநோய்ப் பிரிவாக இருக்கும். இணையத்தில் தேடினால் ஒரு பக்கம் சாதாரணக் கட்டி என்கிறது, இன்னொரு பக்கம் சார்கோமா என்ற மென்திசுப் புற்றுநோயோடு சேர்த்துப் பேசுகிறது. அமெரிக்காவில் சிகிச்சை எடுப்பவராக இருந்தால் இன்ஷூரன்ஸ் கடிதத்தில் "நியோப்ளாசம் ஆஃப் அன்சர்ட்டன் பிஹேவியர்", அதாவது போக்கு உறுதியாகாத கட்டி, என்று ஒரு வரி வேறு வந்து நிற்கும். அதைப் படித்துவிட்டு, என்ன நோய் என்று டாக்டருக்கே தெரியவில்லை போலிருக்கிறது என்று கலங்கிப்போகிறவர்கள் நிறைய.

அந்த வரிக்கு அப்படிப் பொருள் இல்லை. இந்தக் குழப்பம் நோயாளி வீட்டோடு நிற்பதும் இல்லை. சென்னை, கோவை, திருச்சி என்று நம் ஊர்களில் உட்கார்ந்து அமெரிக்க மருத்துவமனைகளின் சார்ட்டுகளை, அதாவது நோயாளிப் பதிவுகளை, படித்துக் குறியீடு போடும் மெடிக்கல் கோடர்கள் ஏராளம். வேலைக்குப் புதிதாக வந்தவர்கள் இந்தக் கட்டியிடம் வந்ததும் தடுமாறுகிறார்கள். ஒருவர் புற்றுநோய்க் குறியீட்டைப் போடுகிறார், இன்னொருவர் தீங்கற்ற கட்டிக்கான குறியீட்டைப் போடுகிறார். இரண்டுமே தவறு. சரியான குறியீடு எது, அது ஏன் சரி, அதற்கு டாக்டர் என்ன எழுதியிருக்க வேண்டும் என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

## இந்தக் கட்டி உடலில் என்ன செய்கிறது

தசை, தசைநாண், தசையைப் போர்த்தியிருக்கும் சவ்வு இவற்றையெல்லாம் தாங்கிப் பிடிக்கும் நார்ப்பகுதிக்கு இணைப்புத் திசு என்று பெயர். அந்த நாரை உற்பத்தி செய்பவை நார்ச்செல்கள். காயம் பட்டால் பெருகி, நாரைச் சுரந்து, தழும்பை உண்டாக்கிவிட்டு ஓய்ந்துவிடுவது அவற்றின் இயல்பு.

டெஸ்மாய்டு கட்டியில் அவை ஓய்வதில்லை. பீட்டா-கேட்டனின் என்று ஒரு புரதம் இருக்கிறது. பெருகு என்ற கட்டளையைச் செல்லின் கருவுக்குக் கொண்டுபோவது அது. வேலை முடிந்ததும் செல் அதை அழித்துவிட வேண்டும். அந்தப் புரதத்துக்கான மரபணுவில் ஒரு பிழை நேர்ந்துவிட்டால் அழிப்பு நடக்காது, கட்டளையும் நிற்காது. பெரும்பாலான டெஸ்மாய்டு கட்டிகளில் இந்தப் பிழை கட்டியின் செல்களில் மட்டுமே இருக்கும். பெற்றோரிடமிருந்து வந்ததும் அல்ல, பிள்ளைகளுக்குப் போவதும் அல்ல. குடும்ப வழியாக வருவது ஒரு சிறு பங்கு மட்டுமே. பெருங்குடலில் நூற்றுக்கணக்கான பாலிப்புகள் முளைக்கும் எஃப்ஏபி என்ற பரம்பரை நோய் உள்ளவர்களுக்கு இந்தக் கட்டி வரும் வாய்ப்பு மிக அதிகம்.

மற்றபடி இது அரிய நோய். ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் சுமார் 5, 6 பேருக்குப் புதிதாகக் கண்டறியப்படுகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்குக் கூடுதலாக வருகிறது. இளம் வயதிலும் நடுவயதிலும்தான் அதிகம். பிள்ளை பெற்ற பின் வயிற்றுச் சுவரில் தோன்றுவது நன்கு அறியப்பட்ட ஒரு வகை.

இனி அதன் குணம். டெஸ்மாய்டு கட்டி பக்கத்தில் இருக்கும் தசைக்குள்ளும் நரம்பைச் சுற்றியும் ஊடுருவும். வெட்டி எடுத்தாலும் அதே இடத்தில் திரும்பி வரக்கூடும். வயிற்றுக்குள் வளர்ந்தால் குடலையோ சிறுநீர்க்குழாயையோ நெருக்கும். ஆனால் ரத்தத்தின் வழியாக நுரையீரலுக்கோ கல்லீரலுக்கோ போய் முளைப்பதில்லை. இன்னொன்றும் உண்டு: எந்தச் சிகிச்சையும் கொடுக்காமலேயே சில கட்டிகள் வளர்வதை நிறுத்திக்கொள்கின்றன, சில தாமாகச் சுருங்கவும் செய்கின்றன. அதனால்தான் முன்போல உடனே அறுவை என்று போகாமல், எம்ஆர்ஐ எடுத்து எடுத்துக் கவனித்துவருவதை இன்று பல நோயாளிகளுக்கு முதல் வழியாக வைக்கிறார்கள். ஆக்டிவ் சர்வேலன்ஸ் என்று சார்ட்டில் எழுதியிருப்பது இதைத்தான்.

சுருக்கமாக: தொலைவுக்குப் பரவாது, அதனால் முழுப் புற்றுநோய் அல்ல. ஊடுருவும், திரும்பி வரும், அதனால் சாதாரணக் கட்டியும் அல்ல. எந்தப் பக்கம் போகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

## குறியீடு எதற்கு, அது எப்படி அமைந்திருக்கிறது

டாக்டர் பக்கம் பக்கமாக எழுதும் குறிப்பைக் கணினியும் இன்ஷூரன்ஸ் நிறுவனமும் ஆராய்ச்சியாளரும் ஒரே மாதிரி புரிந்துகொள்ள வேண்டும். அதற்காக ஒவ்வொரு நோய்க்கும் ஓர் எழுத்தும் சில எண்களும் சேர்ந்த அடையாளம் தரப்பட்டிருக்கிறது. நோய்களை வகைப்படுத்தி உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட பட்டியலின் பத்தாம் பதிப்புக்கு ஐசிடி-10 என்று பெயர். அமெரிக்கா அதை எடுத்து, தன் தேவைக்கு ஏற்ப இன்னும் நுணுக்கமாகப் பிரித்து, ஐசிடி-10-சிஎம் என்ற பெயரில் 2015 அக்டோபர் 1 முதல் பயன்படுத்துகிறது. டாக்டரின் குறிப்பைப் படித்து இந்தப் பட்டியலில் பொருந்தும் இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் மெடிக்கல் கோடிங்.

நம் அஞ்சல் பின்கோடு தெரியுமல்லவா, இதன் அமைப்பும் ஏறக்குறைய அதுதான். பின்கோடில் முதல் இலக்கம் நாட்டின் பெரிய பகுதியைக் காட்டும். அடுத்தடுத்த இலக்கங்கள் வட்டத்தைச் சுருக்கிக்கொண்டே வந்து கடைசியில் ஒரு தபால் நிலையத்தில் நிற்கும். டி48.113 என்ற குறியீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று இடங்களான டி48, "போக்கு உறுதியாகாத கட்டி" என்ற பெரிய வட்டம். புள்ளிக்குப் பின் வரும் 1, இணைப்புத் திசுவும் மற்ற மென்திசுக்களும். அடுத்த 1, அதிலும் டெஸ்மாய்டு. கடைசி 3, வயிற்றுச் சுவர். ஆக இந்தச் சின்ன அடையாளத்துக்குள் மூன்று தகவல்கள் இருக்கின்றன: கட்டி என்ன வகை, அதன் குணம் என்ன, உடலில் எங்கே இருக்கிறது.

கோடர் இவற்றில் எதையும் ஊகிக்கக் கூடாது. மூன்றும் டாக்டர் எழுதியதிலிருந்து வர வேண்டும். ஒன்று விடுபட்டாலும் குறியீடு வேறு இடத்துக்குப் போய்விடும்.

## அன்சர்ட்டன் என்றால் தெரியவில்லை என்பதல்ல

இந்த விஷயத்தில் எல்லோரும் வழுக்கி விழும் இடம் இதுதான். அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஐசிடி-10-சிஎம் பட்டியலில் கட்டிகளைக் குணத்தை வைத்துப் பிரித்திருக்கிறார்கள். சி எழுத்தில் தொடங்குபவை புற்றுநோய்கள். டி எழுத்தில் தொடக்கத்தில், பிறந்த இடத்தை விட்டு இன்னும் நகராத புற்றுநோய்கள் வருகின்றன. அப்புறம் தீங்கற்ற கட்டிகள். அதற்கும் அப்புறம், டி37 முதல் டி48 வரை, பெரும்பாலும் அன்சர்ட்டன் பிஹேவியர் கட்டிகள். கடைசியாக டி49, அன்ஸ்பெசிஃபைடு.

அன்சர்ட்டன், அன்ஸ்பெசிஃபைடு. கேட்பதற்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கின்றன. ஆனால் ஒன்று பயாப்சிக்குப் பிறகு எடுத்த முடிவு, மற்றது முடிவே எழுதப்படாத நிலை.

ஒரு கட்டியை அன்சர்ட்டன் என்று சொல்ல, அதிலிருந்து எடுத்த திசுவை நோயியல் மருத்துவர், அதாவது பேதாலஜிஸ்ட், நுண்ணோக்கியில் பார்த்திருக்க வேண்டும். பார்த்து, இது தீங்கற்றது என்றும் அடித்துச் சொல்ல முடியாது, புற்றுநோய் என்றும் சொல்ல முடியாது, இடைப்பட்டது என்று முடிவு செய்திருக்க வேண்டும். இங்கே உறுதியாகாமல் இருப்பது கட்டியின் எதிர்காலம் மட்டும்தான். அது என்ன கட்டி என்பது உறுதியாகிவிட்டது. டெஸ்மாய்டு என்ற முடிவு வந்துவிட்டாலே, அது டி48 வட்டத்துக்குள் வந்துவிடுகிறது.

அன்ஸ்பெசிஃபைடு என்பது வேறு. இது கட்டி, நியோப்ளாசம் என்று டாக்டர் எழுதியிருக்கிறார், ஆனால் என்ன வகை, என்ன குணம் என்று எழுதவில்லை. அப்போதுதான் டி49. நோயைப் பற்றி அது சொல்வது மிகக் குறைவு. குறிப்பு முழுமையாக இல்லை என்பதைத்தான் அதிகம் சொல்கிறது. பயாப்சி முடிவு வராத சார்ட்டைப் பார்த்து, "இன்னும் தெரியவில்லை, அதனால் அன்சர்ட்டன்" என்று டி48 போடுவது புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு. நோயாளியின் பதிவில், யாரும் செய்யாத ஒரு நோயியல் முடிவு ஏறிவிடுகிறது.

இன்னொரு நுணுக்கம். "மாஸ்" என்று மட்டும் எழுதியிருந்தால் அது டி49-கூட ஆகாது. கையில் தட்டுப்படும் வீக்கம் எதுவும் மாஸ்தான். அது நியோப்ளாசமாக இருக்கலாம், ரத்தக்கட்டாக இருக்கலாம், தழும்பாகவும் இருக்கலாம். அறிகுறிகளுக்கென்று ஆர் எழுத்தில் ஓர் அத்தியாயம் இருக்கிறது. அந்த நிலையில் குறியீடு அங்கிருந்துதான் வர வேண்டும்.

பேதாலஜிஸ்டுகள் கட்டிகளுக்குத் தனியாக ஒரு குறியீட்டுப் பட்டியல் வைத்திருக்கிறார்கள். ஐசிடி-ஓ என்பது அதன் பெயர். அதில் டெஸ்மாய்டு கட்டிக்கு 8821/1 என்று இருக்கும். சாய்கோட்டுக்குப் பின் வரும் எண்தான் குணம். 0 என்றால் தீங்கற்றது, 3 என்றால் புற்றுநோய், 1 இரண்டுக்கும் இடைப்பட்டது. டாக்டர் ஒருமாதிரியும் குறியீடு வேறுமாதிரியும் சொல்வதாக நினைப்பவர்களுக்கு இந்த ஓர் இலக்கத்தைக் காட்டினால் போதும். நுண்ணோக்கிக்குப் பின்னால் இருப்பவர் சொல்வதும் பில்லில் அச்சாகியிருப்பதும் ஒன்றே.

## 2023 அக்டோபரில் என்ன மாறியது

2023 செப்டம்பர் 30 வரை அமெரிக்கப் பட்டியலில் டெஸ்மாய்டு கட்டிக்கென்று தனி இடம் இல்லை. டி48.1 ஒன்றுதான். போக்கு உறுதியாகாத மென்திசுக் கட்டிகள் எல்லாம் அந்த ஒரே பெட்டிக்குள் கிடந்தன. பின்கோடு ஒப்பீட்டிலேயே சொன்னால், ஒரு மாவட்டத்துக்கே ஒரே எண். கடிதம் எந்த ஊருக்கு என்று யாருக்கும் தெரியாது. டெஸ்மாய்டு நோயாளிகள் எத்தனை பேர், அவர்களுக்கு என்ன சிகிச்சை நடக்கிறது என்று இன்ஷூரன்ஸ் தரவுகளிலிருந்து பிரித்தெடுக்க வழியே இல்லை.

2023 அக்டோபர் 1 முதல் டி48.11 என்ற தனிக் கிளை வந்தது. அதன் கீழ் உடலின் பகுதிவாரியாகப் பத்துக் குறியீடுகள். தலையும் கழுத்தும் டி48.110, மார்புச் சுவர் டி48.111, மார்புக்கூட்டின் உள்ளே டி48.112, வயிற்றுச் சுவர் டி48.113, வயிற்றுக்குள் டி48.114, கையும் தோள்பட்டையும் டி48.115, காலும் இடுப்பு வளையமும் டி48.116, முதுகு டி48.117. இவற்றில் சேராத இடம் என்றால் டி48.118, இடமே எழுதப்படவில்லை என்றால் டி48.119. டெஸ்மாய்டு அல்லாத மற்ற மென்திசுக் கட்டிகள் டி48.19-க்குப் போய்விட்டன.

பட்டியலை மனப்பாடம் செய்ய வேண்டாம். கவனிக்க வேண்டியது இடப் பிரிவின் காரணத்தை. வயிற்றுச் சுவரில் இருக்கும் டெஸ்மாய்டும் வயிற்றுக்குள் குடல் மடிப்பில் இருக்கும் டெஸ்மாய்டும் நுண்ணோக்கியில் ஒன்றுபோலத் தெரியலாம். நோயாளிக்கு அவை ஒன்றல்ல. சுவரில் இருப்பது பல நேரம் அமைதியாகிவிடும். உள்ளே இருப்பது குடலை அடைக்கலாம். எஃப்ஏபி உள்ளவர்களுக்குப் பெருங்குடலை எடுத்துவிட்ட பிறகு உயிருக்கு ஆபத்தாக வரும் முக்கியக் காரணங்களில் இந்த உள்வயிற்று டெஸ்மாய்டும் ஒன்று. "அப்டாமினல் டெஸ்மாய்டு" என்று மட்டும் டாக்டர் எழுதிவிட்டால் சுவரா, உள்ளேயா என்று கோடருக்குத் தெரியாது. ஒரே ஒரு சொல் கூடுதலாக எழுதியிருந்தால் தீர்ந்திருக்கும்.

எஃப்ஏபி நோய்க்கும் அதே நாளில் டி13.91 என்று சொந்தக் குறியீடு வந்தது. நோயாளிக்கு இரண்டும் இருந்தால் இரண்டையும் போட வேண்டும். ஒன்றைப் போட்டு மற்றதை விட்டுவிட்டால் நோயின் பாதிக் கதை போய்விடும்.

எந்தக் குறியீடு செல்லும் என்பதை முடிவு செய்வது சிகிச்சை நடந்த நாள். பில் போடும் நாள் அல்ல. 2023 ஆகஸ்டில் நடந்த சிகிச்சைக்கு இன்று பில் திருத்தினாலும் பழைய டி48.1 தான். 2023 அக்டோபர் 1 முதல் நடந்த சிகிச்சைக்கு வெறும் டி48.1 போட்டால், முழு இலக்கங்கள் இல்லை என்று க்ளெய்ம் திரும்பி வந்துவிடும்.

## ஒரு சார்ட்டை எடுத்துப் பார்க்கலாம்

கற்பனையாக ஒரு நோயாளி. வயது 33. சிசேரியன் ஆகி ஒன்றரை ஆண்டு கழித்து, தொப்புளுக்குக் கீழே வலப்பக்கம் கடினமாக ஏதோ தட்டுப்படுகிறது என்று கிளினிக்குக்கு வருகிறார். டாக்டர் எழுதுகிறார்: "வயிற்றுச் சுவரில் 4 செ.மீ. மாஸ். தழும்பு எண்டோமெட்ரியோசிஸ் அல்லது டெஸ்மாய்டு ஆக இருக்கலாம். எம்ஆர்ஐ, பயாப்சி."

இந்த வருகைக்கு என்ன குறியீடு? டெஸ்மாய்டு அல்ல, எண்டோமெட்ரியோசிஸும் (கருப்பையின் உள்சுவர் போன்ற திசு வேறு இடத்தில் வளர்வது) அல்ல. வெளிநோயாளியாக வந்தவருக்கு "இருக்கலாம்", "சந்தேகம்", "இல்லை என்று உறுதி செய்ய" என்றெல்லாம் எழுதியிருக்கும் நோய்களுக்குக் குறியீடு போடக் கூடாது என்பது ஐசிடி-10-சிஎம் விதி. உறுதியாகத் தெரிந்தது மாஸ் மட்டும்தான். ஆர் அத்தியாயத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். (மருத்துவமனையில் தங்கி சிகிச்சை பெற்றவர்களுக்கு விதி வேறு. அங்கே டிஸ்சார்ஜ் ஆகும்போதும் "இருக்கலாம்" என்றே எழுதியிருந்தால், அந்த நோய் இருப்பதாகவே எடுத்துக்கொள்ளலாம்.)

இரண்டாவது வருகை. ஊசி பயாப்சி எடுத்தாகிவிட்டது. பேதாலஜி அறிக்கையில் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. நடுவில் பருத்து இரு முனையும் கூர்ந்த நார்ச்செல்கள் நீளநீளக் கற்றைகளாக இருக்கின்றன. அவை பக்கத்துத் தசைக்குள் நுழைந்திருக்கின்றன. பீட்டா-கேட்டனின் சாயம் போட்டுப் பார்த்ததில் செல்களின் கருவுக்குள் நிறம் ஏறியிருக்கிறது. கருவுக்குள் ஏறியிருப்பதுதான் முக்கியம். அழிந்திருக்க வேண்டிய புரதம் அழியாமல் உள்ளே குவிந்திருக்கிறது என்பதற்கு அது அடையாளம். முடிவு: "டெஸ்மாய்டு வகை ஃபைப்ரோமடோசிஸ்."

சரி, இப்போது டி48.113 போட்டுவிடலாமா? டாக்டரின் குறிப்பைத் திறந்தால் அவர் வெறும் "ஃபைப்ரோமடோசிஸ், பினைன்" என்று எழுதியிருக்கிறார். இங்கே இரண்டு பள்ளங்கள் இருக்கின்றன. வெறும் ஃபைப்ரோமடோசிஸ் என்று அகரவரிசையில் தேடினால் பட்டியல் கொண்டுபோய் விடும் இடம் எம்72. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் சவ்வு தடித்துப்போகும் நோய்கள் இருக்கும் பகுதி அது. டெஸ்மாய்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இரண்டாவது, பினைன் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு போனால் டி21, அதாவது தீங்கற்ற மென்திசுக் கட்டி. "கேன்சர் இல்லை" என்று நோயாளிக்கு ஆறுதல் சொன்ன அதே சொல்லை டாக்டர் குறிப்பிலும் எழுதிவிட்டார். அவர் நல்ல எண்ணத்தோடுதான் எழுதினார். ஆனால் பதிவில் நோய் வேறாகிவிட்டது.

பேதாலஜி அறிக்கை ஒன்று சொல்கிறது, டாக்டர் குறிப்பு வேறு சொல்கிறது. இந்த நிலையில் கோடர் தானாக ஒரு பக்கம் சாயக் கூடாது. டாக்டருக்கு எழுதிக் கேட்க வேண்டும். க்வெரி என்று துறையில் சொல்வது இதைத்தான். கேட்பதிலும் ஒரு நேர்மை வேண்டும். "இது டெஸ்மாய்டுதானே, அப்படியே மாற்றிவிடுங்கள்" என்று விடையைக் கையில் கொடுக்கக் கூடாது. "பேதாலஜி அறிக்கை இப்படிச் சொல்கிறது, உங்கள் குறிப்பில் இப்படி இருக்கிறது, உங்கள் மருத்துவ முடிவு என்ன என்பதையும் கட்டி இருக்கும் இடத்தையும் தெளிவுபடுத்துங்கள்" என்று கேட்க வேண்டும். முடிவு டாக்டருடையது.

இவ்வளவு எதற்கு என்று தோன்றலாம். இந்த நோயாளி ஆறு மாதம் கழித்து வேறு ஊரில் வேறு டாக்டரிடம் போகும்போது, அந்த டாக்டர் திரையில் முதலில் பார்ப்பது இந்தக் குறியீட்டின் பெயரைத்தான். அங்கே புற்றுநோய் என்று இருந்தால் ஒரு பயம், தீங்கற்றது என்று இருந்தால் ஒரு அலட்சியம்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டெஸ்மாய்டு, டெர்மாய்டு. டாக்டர் சொல்லச் சொல்லப் பதிவாகும் குறிப்புகளில் இவை மாறிப்போக வாய்ப்பு அதிகம். டெர்மாய்டு என்பது முடி, கொழுப்பு போன்றவை அடங்கிய தீங்கற்ற நீர்க்கட்டி. சினைப்பையில் டெஸ்மாய்டு என்று ஒரு சார்ட்டில் பார்த்தால் குறியீடு போடுவதற்கு முன் ஒரு தடவை நிறுத்திக் கேளுங்கள்.

## இருக்கும் கட்டியை இருந்த கட்டி ஆக்குவது

நோயாளி ஆக்டிவ் சர்வேலன்ஸில் இருக்கிறார். மாத்திரை இல்லை, ஊசி இல்லை, அறுவை இல்லை. சில மாதங்களுக்கு ஒரு தடவை எம்ஆர்ஐ மட்டும். அவசரமாக எழுதும் டாக்டர் "ஹிஸ்டரி ஆஃப் டெஸ்மாய்டு" என்று எழுதிவிடுகிறார். நோயாளியின் கதையைச் சொல்லத் தொடங்கும் வழக்கமான சொல் அது. ஆனால் கோடிங்கில் அதற்கு வேறு பொருள். கட்டி எடுக்கப்பட்டுவிட்டது, இப்போது இல்லை, சிகிச்சையும் முடிந்துவிட்டது என்று பொருள். குறியீடும் இசட்86.03 என்று, முன்பு இருந்த போக்கு உறுதியாகாத கட்டி என்ற இடத்துக்குப் போய்விடும்.

விளைவு? கட்டி வயிற்றில் அப்படியே இருக்கிறது, பதிவில் மட்டும் மறைந்துவிட்டது. அடுத்த எம்ஆர்ஐ எதற்கு என்று இன்ஷூரன்ஸ் நிறுவனம் கேட்கும், டினையல், அதாவது பணம் தர மறுப்பு, வரும். சிகிச்சை கொடுக்காமல் கவனிப்பதும் சிகிச்சைத் திட்டம்தான். கட்டி உடலில் இருக்கும் வரை டி48.113 தான். "டெஸ்மாய்டு, வலது வயிற்றுச் சுவர், தற்போதும் உள்ளது, ஆக்டிவ் சர்வேலன்ஸ், சென்ற எம்ஆர்ஐயில் 4.1 செ.மீ., இப்போது 3.8 செ.மீ." என்று எழுதினால் யாருக்கும் சந்தேகம் வராது.

எடுத்த பிறகு திரும்பி வந்தால்? அப்போதும் அதே டி48.11 கிளைதான். ஒரே காலில் இரண்டு இடத்தில் வந்தாலும் அப்படித்தான். இரண்டாவது இடத்தைப் பார்த்ததும் பரவிவிட்டது என்று எண்ணி சி எழுத்தில் உள்ள மெட்டாஸ்டாசிஸ் குறியீட்டைப் போடுவது பெரிய பிழை. இந்தக் கட்டி பரவும் வகையே அல்ல என்று முதலில் பார்த்தோமே, அந்த ஓர் உண்மை நினைவில் இருந்தால் போதும்.

இதுவரை பார்த்ததில் கோடிங்குக்கு வேண்டியவை: பேதாலஜியில் உறுதியான பெயர், துல்லியமான இடம், கட்டி இப்போது இருக்கிறதா இல்லையா.

## மருந்து கிடைக்க என்ன எழுதியிருக்க வேண்டும்

2023 நவம்பர் 27 அன்று அமெரிக்காவின் எஃப்டிஏ, நிரோகாசெஸ்டாட் என்ற மாத்திரைக்கு அனுமதி அளித்தது. டெஸ்மாய்டு கட்டிக்கென்றே அங்கே அனுமதி பெற்ற முதல் மருந்து அது. 142 பேர் பங்கேற்ற ஆய்வில், கட்டி வளரும் அல்லது உயிரிழப்பு நேரும் அபாயத்தை, வெற்று மாத்திரையோடு ஒப்பிட 71 சதவீதம் குறைத்தது. பல ஆண்டுகளாக வலியோடு வாழ்ந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி என்று சொல்லத் தேவையில்லை. அதுவரை மற்ற நோய்களுக்கான மருந்துகளைத்தான் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் அனுமதி எல்லா டெஸ்மாய்டு நோயாளிகளுக்கும் அல்ல. கட்டி வளர்ந்துகொண்டிருக்கும், உடல் முழுவதற்குமான மருந்து தேவைப்படும் வயதுவந்தவர்களுக்கு மட்டும். டி48.113 என்ற குறியீடு கட்டி இருப்பதைச் சொல்லும். வளர்கிறது என்பதை அது சொல்லாது, சொல்லவும் அதில் இடம் இல்லை. இந்த மருந்துக்கு இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடம் முன் அனுமதி கேட்கும்போது அந்தத் தகவல் டாக்டரின் குறிப்பிலிருந்துதான் வர வேண்டும்.

அதனால் "நோயாளி மோசமாகிறார்" என்று பொதுவாக எழுதினால் எடுபடாது. எந்தத் தேதி எம்ஆர்ஐயில் எத்தனை செ.மீ., அடுத்ததில் எத்தனை, வலி கூடியிருக்கிறதா, தூக்கம் கெடுகிறதா, கையைத் தூக்க முடிகிறதா, குழந்தையை இடுப்பில் வைக்க முடிகிறதா, இதற்கு முன் என்ன சிகிச்சை நடந்தது, அது ஏன் நின்றது என்பதெல்லாம் குறிப்பில் இருக்க வேண்டும். இந்த மருந்து சினைப்பையின் செயல்பாட்டைப் பாதிக்கக்கூடியது. டெஸ்மாய்டு நோயாளிகளில் பலர் பிள்ளை பெறும் வயதுப் பெண்கள். அதைப் பற்றி அவர்களோடு பேசியதும் குறிப்பில் இடம்பெற வேண்டும். இன்ஷூரன்ஸுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை, அந்தப் பெண்ணுக்காகவும்தான்.

அறுவை நடந்தால் அதற்கான கட்டணக் குறியீடுகள் தனிப் பட்டியல். அங்கே ஒன்று மட்டும் தெரிந்தால் போதும்: கட்டி தோலுக்கடியில் இருந்ததா, தசைச் சவ்வுக்கும் கீழே இருந்ததா, சுற்றியுள்ள விளிம்பையும் சேர்த்து எத்தனை செ.மீ. வெட்டினார்கள் என்பதை அறுவைக் குறிப்பில் டாக்டரே எழுதியிருக்க வேண்டும்.

## எண்ணப்படாத நோயாளிகள்

அமெரிக்காவின் புற்றுநோய்ப் பதிவேடுகள், மூளை, நரம்பு மண்டலக் கட்டிகளைத் தவிர்த்துப் பார்த்தால், பொதுவாகக் குண எண் 2 (பிறந்த இடத்தை விட்டு நகராத புற்றுநோய்), 3 உள்ள கட்டிகளைத்தான் கட்டாயமாகச் சேகரிக்கின்றன. 8821/1 அந்த வலையில் சிக்காது. புற்றுநோய் அல்ல என்பதால் பதிவேட்டில் இல்லை. 2023 வரை தனிக் குறியீடும் இல்லை. எங்கே எத்தனை பேர், எந்த இடத்துக் கட்டி அதிகம், எந்தச் சிகிச்சைக்குப் பிறகு எத்தனை பேருக்குத் திரும்பி வந்தது என்ற கேள்விகளுக்கு விடை தேட, சில பெரிய மருத்துவமனைகளின் சொந்தக் கணக்குகளை விட்டால் வழி குறைவாக இருந்தது. இப்போது டி48.11 கிளை அந்த வேலையைச் செய்யத் தொடங்கியிருக்கிறது. நம் ஊரில் இரவு ஷிஃப்டில் ஒரு கோடர் டி48.119 போட்டு நகராமல், க்வெரி அனுப்பி இடத்தைக் கேட்டு டி48.114 என்று மாற்றினால், அந்த எண்ணிக்கையில் ஒரு நோயாளி சரியான இடத்தில் சேர்கிறார். இதை நான் மிகவும் மதிக்கிறேன்.

இந்த நுணுக்கப் பிரிவு எல்லாம் அமெரிக்கப் பட்டியலில் மட்டும்தான். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 இன்றும் டி48.1-ஓடு நிற்கிறது. அந்தப் பட்டியலைப் பயன்படுத்தும் நம் ஊர் மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரியில் டி48.1 என்று இருந்தால் அது சரியே. டல்லாஸில் இருக்கும் மகளின் பில்லில் டி48.113 என்றும், சென்னையில் அதே கட்டிக்கு டி48.1 என்றும் வந்தால் நோய் மாறிவிடவில்லை, பட்டியல்தான் வேறு. ஆனால் டெஸ்மாய்டு என்று பேதாலஜி அறிக்கை சொல்லியிருக்க, உங்கள் தாளில் குறியீடு சி49 என்றோ டி21 என்றோ எம்72 என்றோ இருந்தால், பேதாலஜி அறிக்கையின் நகலை எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடமே கேளுங்கள். பதிவைத் திருத்தச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. அறிக்கையின் நகலோடு எம்ஆர்ஐ அறிக்கைகளையும் தேதிவாரியாக ஒரே ஃபைலில் வைத்துக்கொண்டால், அடுத்த டாக்டர் முதலில் கேட்கப்போவது உங்கள் கையிலேயே இருக்கும்.